ஓடையில் திரும்பிய மான்கள்

வெடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் மருந்தைப் பற்றியும் ஒயரைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். என் காலத்தைவிட இப்போது நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நான் சொல்ல நினைப்பது, சங்கு ஊதுவதற்கும் வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்புவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தைப் பற்றி. அந்த நேரத்தில் உங்களுக்குத் துணை என்று யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு ஒரு மான் கூட்டம் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி ஃபோர்மேனாகச் சேர்ந்தேன். சுரங்கம் என்றால் பூமிக்குள் குடைந்து போவது அல்ல. வானம் பார்த்த பெரும்பள்ளம். படிப்படியாக வெட்டிக்கொண்டு மேற்கே நகரும். அது நகர நகரப் புன்செய்க் கொல்லைகள் குறையும். பள்ளத்துக்கு மேற்கே கடலையும் சோளமும் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு காட்டோடை, மழைக்காலம் தவிர மற்ற நாளில் வெறும் மணல். ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளும் புதருமாகக் காப்புக்காடு.

அந்தக் காட்டில்தான் புள்ளிமான்கள் இருந்தன. கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிட்டால், வெட்டி முடித்த பழைய பள்ளத்தில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஓடை வழியாக வரும். வருகிற வழியில் கடலைக் கொல்லை. சும்மா இருக்குமா? இளஞ்செடியாகப் பார்த்துக் கடித்துவிட்டுத்தான் போகும். கொல்லைக்காரர்கள் தகரம் தட்டினார்கள், நாய் கட்டினார்கள், பழைய வேட்டியைக் கம்பில் மாட்டி நிறுத்தினார்கள். ஒரு தடவை எங்கள் வெடியில் கல் தெறித்துத் தன் கொல்லையில் விழுந்தது என்று முறையிட வந்தவர், "ராத்திரியில அது மேயுது, பகல்ல நீங்க கல்லு போடுறீங்க. நாங்க எப்பதாங்க வெள்ளாம பண்றது?" என்று கேட்டார். 

மனிதர்களுக்கு இத்தனை பக்கத்தில் வாழ்ந்தும் அவை மனிதனுக்குப் பழகவே இல்லை. கல் ஏற்றிய லாரி கடகடவென்று போனால் காதைக்கூடத் திருப்பாது. அதே லாரியிலிருந்து ஓட்டுநர் கீழே இறங்கினால் போதும், தண்ணீரைவிட்டுத் தலையைத் தூக்கிவிடும். ஒன்று குடிக்கும்போது மற்றவை நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முன்னால் வருவது எப்போதும் இடது காது கிழிந்த ஒரு பெண்மான். அது ஓர் அடி வைத்தால்தான் மற்றவை அடி வைக்கும்.

அவை எங்களிடம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, சங்கு. வெடிப்பதற்கு முன் ஆட்கள் ஒதுங்குவதற்காக நீளமாக ஒரு சங்கு ஊதுவோம். சங்கு ஊதியதும் நாங்கள் கிழக்கே ஒதுங்குவோம், மான்கள் மேற்கே ஓடை வழியாகக் காட்டுக்குள் போய்விடும். தெறிக்கிற கல் மேலே படாமலிருக்க நான் நிற்கிற இரும்புக் கூண்டிலிருந்து ஓடை இறங்குகிற இடம் தெரியும். காது கிழிந்தது முதலில், பின்னாலேயே மற்றவை, கடைசியில் கொம்பு வைத்த ஒன்று. அவை மறைந்த பிறகுதான் சாவியைத் திருப்புவேன். யாரும் சொல்லிக் கொடுத்த விதி அல்ல. நானாக வைத்துக்கொண்ட பழக்கம்.

பழக்கத்துக்கு இடம்கொடுத்தவர் எங்கள் மேனேஜர். நான் சேர்ந்த முதல் வாரத்தில், எல்லாம் தயார் என்றதும் சாவியைப் போட்டுத் திருப்பப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு அவசரம்?"

"லாரிங்க காத்துக்கிட்டிருக்கு சார்."

"அப்ப லாரிக்கு அவசரம். சாவி உன் கையில இருக்குற வரைக்கும் அவசரம் மத்தவங்களோடதுய்யா."

அதிகம் பேசாத மனிதர். திட்டினால் மட்டும் அரை மைல் கேட்கும். அவரை நாங்கள் நேசித்தோம் என்று சொன்னால் பொய். பயந்தோம்.

அந்த நாள் சித்திரைக் கடைசி. காலையிலேயே குழிகளில் மருந்து நிரப்பியாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் வெடிப்பதுதான் வழக்கம். அன்று நேரம் வருவதற்கு வெகு முன்பே தென்மேற்கில் மேகம் கறுத்துத் திரண்டது. கோடைமழை இடியில்லாமல் வராது. மருந்தைப் பற்றவைக்கும் மின்சாரக் கேப்பு வைத்த குழிக்குப் பக்கத்தில் மின்னல் இறங்கினால், சாவியே வேண்டாம், தானாக வெடித்துவிடலாம். மேனேஜர் ஜீப்பில் வந்து, "இப்பவே முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு அலுவலகக் கொட்டகைப் பக்கம் போனார். சங்கு ஊதச் சொன்னேன்.

ஆட்கள் ஒதுங்கினார்கள். சாலையோரம் சிவப்புக் கொடியோடு அய்யாக்கண்ணு நின்றான். அந்த ஊர்க்காரன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆலை வாங்கிய நிலங்களில் அவன் கொல்லையும் ஒன்று; நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்ற வகையில் எங்களிடம் சேர்ந்தவன். கொடி பிடித்தால் மாட்டையும் மனிதனையும் ஒரே குரலில் நிறுத்துவான்.

மான்கள் ஓடைக்குள் இறங்கின. நான் சாவியைப் போட்டுவிட்டு அவை மறையக் காத்திருந்தேன். பாதி ஓடையில் காது கிழிந்தது நின்றது. ஒரு முன்காலைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு காலைத் தரையில் தட்டியது. மறுபடியும் தட்டியது. கூர்மையாக ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பியது. கூட்டம் முழுக்கத் திரும்பி மேலே ஏறிவந்து, எங்களுக்கு எதிரே வெட்டவெளியில், கற்குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஒன்றுகூட எங்களைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் ஓடைப் பக்கம்.

அவை கண்டது நாயாக இருந்தால் மான்கள் சிதறி ஓடியிருக்கும். எனக்குச் சொந்த ஊர் பாடாலூர். அங்கே கரடுகளை ஒட்டி மான்களைப் பார்த்து வளர்ந்தவன். நடந்து போகிற ஆளைக் கண்டால் அவை விலகிப் போகும். மறைந்து உட்கார்ந்திருக்கிற ஆளைக் கண்டால்தான் இப்படி நிற்கும், கண்ணை எடுக்காமல்.

சாவியை உருவிக்கொண்டேன்.

வெடிச் சத்தம் வராததைக் கண்டு மேனேஜர் ஜீப்பில் திரும்பி வந்தார். மேகம் தலைக்கு மேல் பாதி வந்திருந்தது. தூரத்தில் உறுமல்.

"என்னய்யா பண்ற?"

"மான் திரும்பிடுச்சு சார்."

"மானுக்காக வெடிய நிறுத்தியிருக்கியா?"

"மானுக்காக இல்ல சார். அது எதப் பாத்துத் திரும்புச்சோ, அதுக்காக."

அவர் மான்களைப் பார்த்தார். அவை பார்க்கிற திசையைப் பார்த்தார். பிறகு வானத்தை. அப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. சாவியைத் திருப்பச் சொல்லலாம். யாரோ இருந்தால் செத்துப்போவார்கள். அல்லது, மருந்து நிரம்பிய குழிகளை ஒட்டி, இடி முழங்குகிற நேரத்தில் ஆள் உள்ளே போகவேண்டும். சும்மா காத்திருப்பது என்ற வழி இல்லை, ஏனென்றால் மின்னல் நம்மைக் கேட்டுவிட்டு வராது. அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"நீயும் நானும். வேற ஒருத்தனும் வரக்கூடாது. குழிப் பக்கம் போகாம ஓடைக்குள்ளயே நட."

வேகமாக நடந்தோம். ஓடை ஒரு வளைவு எடுக்கிற இடத்தில் கரை மேல் ஒரு துண்டு நிலம் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது, பழைய வரப்போடும் ஒரு நுணா மரத்தோடும். மரத்தடியில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஓட முயலவில்லை.

"சங்கு ஊதுனது காதுல விழல?" மேனேஜர் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"விழுந்துச்சுங்க. அது ஊதுனாத்தான் இங்க ஒரு ஆளும் இருக்கமாட்டாங்க. மத்த நேரம் வந்தா வெரட்டுறாங்க."

"கல்லு வந்து விழுந்தா?"

"பள்ளத்துல படுத்துக்குவேங்க. எப்பவும் அப்படித்தான்."

மரத்தடியில் கையகலத்துக்கு ஒரு மேடு. அதன் மேல் சின்னச் சின்னக் கிளிஞ்சல் கற்கள், அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் கிடைப்பவை, வட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"எம்புள்ளதாங்க" என்றாள். "ரெண்டு வயசுல வாந்திபேதியில போயிடுச்சு. எங்க கொல்ல இது."

 இடி கிட்டத்தில் கேட்டது. "வாம்மா" என்றார் மேனேஜர். அவளை நடுவில் விட்டு நாங்கள் முன்னும் பின்னுமாக ஓடை வழியே வெளியே வந்தோம். எனக்கு முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் தோள் தானாகக் குறுகிற்று.

சாலையில் ஏறிய இடத்தில் அய்யாக்கண்ணு கொடியோடு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொடி தாழ்ந்தது.

"நீ எங்க இங்க?"

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் பெயர் செங்கமலம் என்பதும், அவன் மனைவி என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். ஊரையெல்லாம் உள்ளே விடாமல் அவன் காவல் நின்ற நேரங்களில் அவள் அவன் முதுகுக்குப் பின்னால் ஓடை வழியாகப் போய்வந்திருக்கிறாள். வழக்கமாக மான்கள் காட்டுக்குள் போன பிறகுதான் அவள் இறங்குவாளாம். அன்று மழைக்குப் பயந்து கொல்லை வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு நேராக வந்து, சங்குக்கு முன்பே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் மான்கள் அவளைக் கண்டன. நாங்கள் மான்களைக் கண்டோம்.

மேனேஜர் சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மான்கள் இதற்குள் வடக்கே சுற்றிக் காட்டுக்குள் போயிருந்தன. வெடித்தேன். மழை வந்தது. மழை விட்ட பிறகு அவர் மட்டும் குடையோடு ஓடை வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே கல் விழுந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. 

மறுநாள் அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் வந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஓடை வாயில ஆள் நிறுத்தாம விட்டது என் தப்பு" என்றார் மேனேஜர். "அங்க இனிமே ஒருத்தன் நிப்பான். ஒன் சம்சாரத்த வெள்ளிக்கெழம காலையில ஷிஃப்டுக்கு முன்னாடி வரச்சொல்லு. ஃபோர்மேன் கூட்டிட்டுப் போவாரு. அந்த எடத்த வெட்டாம விட எனக்கு அதிகாரம் இல்ல. அது வரைக்கும் வரட்டும்."

வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு என்னிடம் மெதுவாகச் சொன்னான். "நானும் காலையில வந்ததும் கொஞ்ச நேரம் அங்கதாங்க போயி உக்காருவேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அழுவாளேன்னு சொல்லல."

"அவ ஒன்கிட்ட ஏன் சொல்லலியாம்?"

"அதேதாங்க."

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆபத்து வட்டத்துக்குள் எவனும் வரமாட்டான் என்று நினைக்காதீர்கள். வருவதற்குக் காரணம் உள்ளவர்கள் வருவார்கள். கொடியும் சங்கும் காரணம் இல்லாதவர்களைத்தான் நிறுத்தும்.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போனேன். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்தில் நின்றுகொள்வேன். அவர்கள் அதிகம் பேசியதாகவும் தெரியவில்லை. அவள் புல்லைப் பிடுங்குவாள். அவன் வரப்பைக் காலால் தட்டிச் சரிசெய்வான், ஏதோ அடுத்த பட்டத்துக்கு விதைக்கப்போகிறவன் போல. எனக்கும் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை பாடாலூரில் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்தால்தான் அவளைப் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை அந்த மரத்துப் பக்கம் நின்றுவிட்டு வந்தால், சனிக்கிழமை சாயங்காலம் வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆகிவிடும்.

அந்தக் காலை நேரத்தில் மான்கள் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும். முதல் சில வாரங்கள் எங்களைக் கண்டதும் வந்த வழியே போய்விட்டன. பிறகு ஓடையின் எதிர்க் கரையோரமாக, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, கண்ணை எங்கள் மேல் வைத்தபடி கடந்துபோகத் தொடங்கின. அந்த ஆவணியில் காது கிழிந்ததோடு ஒரு குட்டி வந்தது. குட்டி நின்று எங்களைப் பார்க்கும். தாய் நிற்காது, கொஞ்சம் போய்த் திரும்பிப் பார்க்கும், குட்டி ஓடிப்போய்ச் சேரும்.

செங்கமலம் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடல போட்டிருந்தப்ப இதுங்கள எத்தன தகரம் தட்டி வெரட்டியிருப்பேன். புள்ளைய இந்த மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டுத் தட்டுவேன். சத்தம் கேட்டா அது சிரிக்கும். இப்பப் பாருங்க, இதுங்க யாரையும் கேக்காம வருது, போவுது. நாந்தான் கேட்டுக்கிட்டு வரேன்."

அய்யாக்கண்ணு வரப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த கோடை முடிவதற்குள் வெட்டு அந்தத் துண்டுக்கு வந்துசேர்ந்தது. மேனேஜர் தன்னால் முடிந்தவரை அதைக் கடைசியாகத் தள்ளிவைத்தார். அவ்வளவுதான் முடிந்தது. வெடிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நானே அவளிடம் சொன்னேன். யாரையாவது அனுப்பிச் சொல்லியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை.

"எடுத்து வேற எடத்துல வைக்கணும்னா ஏற்பாடு பண்ணச் சொல்லி மேனேஜர் சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

அவள் சரிந்திருந்த ஒரு கிளிஞ்சலை எடுத்து வட்டத்தில் வைத்தாள். "வேணாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். எடுக்க என்னா இருக்கப்போவுது. இருந்தாலும் பாக்கவா முடியும்."

அய்யாக்கண்ணுவை அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டான். "நானே கொடி புடிக்கிறேங்க. வேற யாராவது நின்னா பீடி குடிச்சிக்கிட்டு நிப்பாங்க."

அன்று சங்கு ஊதியது. நான் வழக்கம்போல ஓடையைப் பார்த்தேன். மான்கள் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்து ஓடை இறங்குகிற இடத்தில் தயங்கின. மூன்று நாட்களாக அங்கே கரையைச் சரித்து வண்டிப் பாதை போட்டிருந்தார்கள். ஓடை பாதி மூடிப்போயிருந்தது. காது கிழிந்தது கொட்டிய மண்ணை முகர்ந்தது. திரும்பி வடக்கே நடந்தது. மற்றவையும் நடந்தன, ஓடாமல், வரிசையாக. அவை கண்ணுக்கு மறைகிறவரை நான் சாவியைத் தொடவில்லை. மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்தார்.

தூசி அடங்கிய பிறகு எல்லாக் குழியும் வெடித்ததா என்று போய்ப் பார்ப்பது என் வேலை. பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். செங்கமலம் ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் கொல்லையில் மற்றப் பெண்களோடு களை வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரப்பில் சைக்கிளைச் சாய்த்ததைப் பார்த்துவிட்டு, களைக்கொத்தோடு எழுந்து வந்தாள்.

"ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சும்மா."

"சத்தம் கேட்டுச்சு" என்றாள். "எப்பவும் கேக்குற சத்தந்தான். எதுன்னு நமக்குத் தெரியுதா."

 களைக்கொத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"மானுங்க?"

"போயிடுச்சும்மா. ஓடையில எறங்கல. வடக்க போயிடுச்சு."

"குட்டியும் போச்சா?"

"கூடவே போச்சு."

அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தாள். அந்தப் பக்கம் சோளத்தட்டை அறுத்த வெறும் நிலமும், அதற்கப்பால் வேலிக்காத்தான் புதர்களும்தான் இருந்தன. எதுவும் அசையவில்லை. நானும் பார்த்தேன். பெண்கள் ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்கு நகர்ந்து அவளைக் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.